அணைப்பது யார்?

மே 4, 2025 – ஞாயிறு

இன்று கத்திரி பிறந்துவிட்டது. இனி 28ஆம் தேதி வரை உத்திரமேரூர்ப் பக்கத்தில் பகல் பதினோரு மணிக்கு மேல் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. கடல் கிழக்கே எட்டாத தூரமில்லை. ஆனாலும் கடற்காற்று நம் ஊர் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை தளம் போட்ட வீட்டுக்காரர்கள் தளத்துக்கும் தரைக்கும் நடுவே வேக வேண்டியதுதான்.

முழங்கால் அறுவைக்குப் பிறகு அத்தையால் திண்ணைக்கு வந்து உட்கார முடிவதில்லை. அவருக்காகத்தான் பின்னறையில் ஏசி. ஒன்றரை டன், எட்டு வருஷத்துப் பழசு, இன்வெர்ட்டர் இல்லாத ரகம். கொஞ்ச நாளாகவே அதன் போக்கு சரியில்லை. ஐந்தாறு நிமிஷம் ஓடுகிறது, நிற்கிறது. எப்போது தோன்றுகிறதோ அப்போது மறுபடி ஓடுகிறது. “இன்னாம்மா இது, வந்ததும் தெரியல, போனதும் தெரியல” என்றார் அத்தை.

ஆளுக்கொரு தீர்ப்பு. “எட்டு வருஷம் ஓடிடுச்சு, மாத்திடலாம்” என்கிறார் இவர். எதிர்வீட்டுப் பெரியப்பா பார்க்காமலேயே “கேஸ் கொறைஞ்சிருக்கும்” என்றுவிட்டார். பிளஸ் டூ முடித்து வீட்டில் இருக்கும் மகன் ரிமோட்டை வாங்கி 18இல் வைத்தான். அப்போதும் அது ஐந்தாறு நிமிஷத்தில் நின்றது.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுப்பவள். விடுமுறையில் இருக்கிறேன். வகுப்பில் பிள்ளைகளிடம் நச்சரிக்கும் விஷயத்தையே இங்கும் பிடித்துக்கொண்டேன். ஏன் நிற்கிறது என்று கேட்பதற்கு முன், நிறுத்துவது யார் என்று தெரிந்தாக வேண்டும். இந்த ரக ஏசிக்கு ஒரே வேகம்தான். ஓடினால் முழுசாக ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். 25இல் வைத்து அறை 25ஐத் தொட்டுவிட்டால் கம்ப்ரசர் நிற்பது குறையல்ல, அதன் வேலை. ஆனால் கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு அது விடாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அறையில் மாட்டியிருக்கும் வெப்பமானி 31 காட்டும்போது நிற்கிறது என்றால், அறை குளிர்ந்ததற்காக அது நிற்கவில்லை. வேறு யாரோ நிறுத்துகிறார்கள்.

மே 5 – திங்கள்

ஒரு பழைய ரஃப் நோட்டும் மகனும் துணை. அவனைப் பின்பக்கச் சந்தில் அவுட்டோர் யூனிட் அருகே நிறுத்தினேன். நான் உள்ளே. நின்றவுடன் அவன் என்ன பார்த்தான், நான் என்ன பார்த்தேன் என்று எழுதிக்கொண்டோம்.

ஒரு ஏசியை நிறுத்தும் உரிமை பலருக்கு உண்டு. முதல் ஆள், உள்யூனிட்டில் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சார். மிளகளவு இருக்கும். அறைக்காற்று போதிய அளவு குளிர்ந்துவிட்டது என்று அது சொன்னால் வெளியே கம்ப்ரசரும் நிற்கும், விசிறியும் நிற்கும். உள்ளே மட்டும் காற்று வந்துகொண்டிருக்கும். இரண்டாவது ஆள், கம்ப்ரசரின் தலையில் உட்கார்ந்திருக்கும் ஓவர்லோடு. இரட்டை உலோகத் தகடு. கம்ப்ரசர் அளவுக்கு மீறிச் சூடானாலோ, மின்சாரத்தைக் கூடுதலாக இழுத்தாலோ அது வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். அப்போது கம்ப்ரசர் மட்டும் ஊமையாகும், பக்கத்திலேயே வெளிவிசிறி சுற்றிக்கொண்டிருக்கும். தகடு ஆறினால்தான் மறுபடி சேரும். மூன்றாவது ஆள் ஸ்டெபிலைசர். வோல்ட்டேஜ் தன் எல்லைக்குக் கீழே போனால் மொத்தமாகக் கையை எடுத்துவிடும். அப்போது உள்யூனிட்டின் விளக்குகூட எரியாது. கரண்ட் சீரானாலும் மூன்று நிமிஷம் பொறுத்துத்தான் கொடுக்கும். நான்காவது, உள்காயிலில் கட்டும் பனிக்கட்டி. அது நேராக நிறுத்துவதில்லை. காற்றின் வழியை அடைத்து, குழாயோடு ஒட்டியிருக்கும் இன்னொரு சென்சாரைக் குழப்பி நிறுத்த வைக்கும்.

ஆக, நின்ற நொடியில் எது நின்றது, எது ஓடியது என்று பார்த்தாலே ஆள் அகப்பட்டுவிடுவார். கருவி எதுவும் வேண்டாம். கண்ணும் காதும் போதும்.

மதியம் நின்றபோதெல்லாம் மகன் சொன்னது ஒன்றுதான்: “அம்மா, ‘டிக்’குனு சத்தம் கேட்டுது. ஃபேன் சுத்துது, மிஷின் சத்தம் இல்லை.” ஓவர்லோடு.

இரவு எட்டு மணிக்கு மேல் கதை மாறியது. உள்ளே விளக்கோடு சேர்த்து எல்லாம் அணைந்தது. ஸ்டெபிலைசர்.

ஒரே வீட்டு ஏசியைப் பகலில் ஒருவர் நிறுத்துகிறார், இரவில் வேறொருவர். இதற்கு “கேஸ் போடு” என்ற ஒரே மருந்து எப்படிப் போதும்?

மே 7 – புதன்

செலவில்லாத வேலைகளை முதலில் முடித்துவிடலாம் என்று உள்யூனிட்டைத் திறந்தோம். ஃபில்டரில் கொஞ்சம் தூசு. கழுவி நிழலில் காயவைத்தாயிற்று. சென்சார் அதன் கிளிப்பிலேயே இருந்தது. அது நழுவி காயிலைத் தொட்டுக்கொண்டிருந்தால், காயிலின் குளிரையே அறையின் குளிர் என்று எடுத்துக்கொண்டு சீக்கிரமே நிறுத்திவிடும். சர்வீஸ் செய்கிறேன் என்று வருபவர்கள் அவசரத்தில் அதைத் திரும்பக் கிளிப்பில் மாட்டாமல் போவதுண்டு.

காயிலில் பனி இல்லை. வெளியே போகும் இரண்டு செம்புக் குழாய்களில் மெல்லிய குழாய் வெண்ணிறமாக உறைந்திருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. கேஸ் குறைந்தால் பெரும்பாலும் முதலில் உறைவது அதுதான். பெரியப்பாவின் தீர்ப்புக்கு இதுவரை சாட்சி இல்லை.

கேஸைப் பற்றி ஊரில் ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது, ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் தீர்வதைப்போல அது ஓட ஓடத் தீரும் என்று. அது மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது. உள்ளே ஆவியாகி வெப்பத்தை வாங்கும், வெளியே திரவமாகி வெப்பத்தைக் கொடுக்கும், மறுபடி உள்ளே வரும். தீர வழியில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் வருஷா வருஷம் கேஸ் ஏற்றிக்கொள்பவர் ஓட்டைக்குத்தான் பணம் கட்டுகிறார். போகும் கேஸும் சும்மா போவதில்லை. எங்கள் யூனிட்டின் லேபிளில் இருப்பது ஆர்-32. அது ஒரு கிலோ காற்றில் கலந்தால், நூறு ஆண்டுக் கணக்கில் 675 கிலோ கரியமில வாயுவுக்கு நிகராகப் பூமியைச் சூடாக்கும். முன்பு இருந்த ஆர்-410ஏ இன்னும் மோசம், 2,088 கிலோவுக்குச் சமம்.

மே 10 – சனி

மெக்கானிக் தம்பி வந்தார். பஜார் வீதியில் சின்னக் கடை. பைக்கில் சிலிண்டரையும் கட்டிக்கொண்டே வந்திருந்தார். வரும்போதே முடிவோடு வந்திருக்கிறார் என்று பட்டது. “நிக்குறப்ப வெளி ஃபேன் ஓடுதுங்க தம்பி” என்றேன். நின்று என்னைப் பார்த்தார். “அப்படின்னா கேஸ் இல்ல டீச்சர், ஓவர்லோடு. முதல்ல அவுட்டோரைப் பாத்துடலாம்” என்று சிலிண்டரைப் பைக்கிலேயே விட்டுவிட்டு வந்தார். அந்த ஒரு வாக்கியத்தில் அவர்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

அவுட்டோர் இருப்பது வீட்டுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே மேற்குப் பார்த்த சந்தில். முன்னால் சுவர், முழங்கை நீளம்கூட இடைவெளி இல்லை. தூசு படாமல் இருக்கட்டும் என்று யாரோ நல்லெண்ணத்தில் ஒரு கோணிப்படுதாவைத் தொங்கவிட்டிருந்தார்கள். தம்பி முதலில் கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டினார். 9.6 ஆம்பியர். லேபிளில் போட்டிருப்பது ஏழு சொச்சம். கெப்பாசிட்டரைக் கழற்றிப் பார்த்தார். 45 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தது, 44 காட்டியது. “இது நல்லாத்தான் இருக்குது.” அது வீக்காகியிருந்தால் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் சில நொடி உறுமிவிட்டு ‘டிக்’ என்று அடங்கும். எங்களுடையது கிளம்பி, ஓடி, பிறகுதான் அடங்குகிறது.

அப்புறம் பின்பக்கம் டார்ச் அடித்தார். காயில் தெரியவில்லை. அலுமினியத் தகடுகள் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கம்பளம். விரலால் சுரண்டினால் ஏடாகப் பெயர்ந்து வந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நெல்லின் சுணை, பதரின் துண்டுகள், கூளத்தூள், இவற்றை ஒட்டவைக்கத் தெருப்புழுதி. எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல். நவரை அறுவடை இப்போதுதான் முடிந்தது. அறுவடை மிஷின் சந்தை ஒட்டியே திரும்பும். அது துப்பும் கூளம் வேலி தாண்டி வரும். நெல்லைச் சாலையில் கொட்டிக் காயவைத்துத் தூற்றுவதும் இந்தப் பக்கம்தான். காற்றை உறிஞ்சும் விசிறி அத்தனையையும் இழுத்துத் தன் முதுகில் அப்பிக்கொண்டிருக்கிறது.

“டவுன்ல இருக்கிறவங்களுக்கு வருஷத்துக்கு ரெண்டு சர்வீஸ்னு புக்குல போட்ருப்பாங்க டீச்சர். நம்ம ஊருக்கு அது ஒத்துவராது. ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு வாட்டி கழுவணும்” என்றார் தம்பி.

மெயின் ஸ்விட்சை அணைத்து, உறையைக் கழற்றி, உட்புறமிருந்து வெளிப்புறமாகத் தண்ணீர் பீய்ச்சினார். வெளியிலிருந்து அடித்தால் குப்பை இன்னும் ஆழமாக இறங்கி அடைத்துக்கொள்ளுமாம். பவர் பம்ப்பின் வேகத்தையும் குறைத்துக்கொண்டார். தகடுகள் மெல்லியவை, வேகமாக அடித்தால் மடங்கிவிடும். சந்தில் சேறாக ஓடிய தண்ணீர் தெளியும்வரை விடவில்லை. கோணிப்படுதாவை நானே அறுத்து எடுத்தேன்.

மறுபடி மீட்டர்: 7.4 ஆம்பியர்.

மே 11 – ஞாயிறு

மதியம் முழுக்க ஏசி நிற்கவே இல்லை. ‘அடிக்கடி நிற்கிறது’ என்பதில் தொடங்கிய புகாருக்கு ‘நிற்காமல் ஓடுகிறது’ என்பதே நல்ல செய்தி. மூன்றரை மணிவாக்கில் அறை 26ஐத் தொட்டது. அதற்குப் பிறகுதான் முதல் ஆளான சென்சார் தன் வேலையைப் பார்த்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டன் என்பது ஏசியின் எடையல்ல. 2,000 பவுண்டு ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை வாங்குமோ அவ்வளவு. ஏறத்தாழ மூன்றரை கிலோவாட். ஒன்றரை டன் ஏசி அத்தையின் அறையிலிருந்து 5.3 கிலோவாட் வெப்பத்தை அள்ளுகிறது. அந்த வேலைக்குத் தான் உண்ணும் 1.6 கிலோவாட்டையும் சேர்த்து, கிட்டத்தட்ட 7 கிலோவாட்டை அந்தச் சந்தில் கொட்டியாக வேண்டும். கொட்டும் இடமோ 40 டிகிரியில் இருக்கிறது. சூடு தானாக மேட்டுக்கு ஏறாது. ஆகவே கம்ப்ரசர் கேஸை அமுக்கி, வெளிக்காற்றைவிடச் சூடாக, ஐம்பதைத் தாண்டிய நிலைக்குக் கொண்டுபோன பிறகே சூடு காற்றுக்குப் போகும். காயிலில் பதர் அப்பியிருந்தால், விட்ட சூடான காற்றையே படுதா திருப்பி அனுப்பினால், இன்னும் அமுக்க வேண்டும். அமுக்க அமுக்க ஆம்பியர் ஏறும். ஓவர்லோடு தகடு வளையும்.

தகடு வளைந்ததால்தான் எட்டு வருஷத்துக் கம்ப்ரசர் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘அடிக்கடி கட் ஆகிறது’ என்று அந்தத் தகட்டையே தாண்டி நேராக ஒயர் கொடுத்துவிடும் ஆட்களும் உண்டு. ஏசி விடாமல் ஓடும். கம்ப்ரசரின் சுருள் கருகும்வரை.

மே 13 – செவ்வாய்

பகல் தீர்ந்தது. இரவு அப்படியே. ஏழரை மணியிலிருந்து பதினொன்றுவரை எல்லாம் அணைந்து எல்லாம் எரிகிறது. பள்ளி ஆய்வகத்தில் பழகிய கைக்குப் பலகையில் மல்டிமீட்டர் வைப்பது பெரிய காரியமில்லை. மாலை ஆறு மணிக்கு 221 வோல்ட். எட்டு மணிக்கு 178. எட்டரைக்கு 169. அங்கே ஸ்டெபிலைசர் கைவிட்டது. அதன் கீழ் எல்லை 170.

வோல்ட்டேஜ் குறைந்தால் விளக்கு மங்கும், விசிறி மெதுவாகும். அவ்வளவுதானே என்று நினைப்பார்கள். மோட்டாருக்குக் கணக்கு வேறு. அதன் திருகுவிசை வோல்ட்டேஜின் இருமடிக்கு ஏற்றபடி குறையும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 இருந்தால் வோல்ட்டேஜில் குறைவு இருபது சதவீதத்துக்குச் சற்று மேல். திருகுவிசையில் குறைவு கிட்டத்தட்ட நாற்பது சதவீதம். அமுக்கத்தை எதிர்த்துக் கிளம்ப வேண்டிய கம்ப்ரசர் அப்படியே திணறி நிற்கும். நின்ற மோட்டார் வழக்கத்தைப்போலப் பல மடங்கு கரண்டை இழுக்கும். ஸ்டெபிலைசர் மூன்று நிமிஷம் காக்க வைப்பதும் இதை ஒட்டித்தான். நின்றவுடன் குழாயின் இரு பக்கமும் அமுக்கம் சமமாகச் சற்று நேரம் வேண்டும். அதற்குள் ஸ்விட்சைத் தட்டித் தட்டி அணைத்து எரிப்பவர்கள், பூட்டிய மோட்டாரைக் கிளப்பச் சொல்கிறார்கள்.

மே 16 – வெள்ளி

வந்தவாசியில் நாத்தனார் வீடு. அங்கேயும் அதே பேச்சு: “அண்ணி, எங்க ஏசியும் நின்னு நின்னுதான் ஓடுது.” போய்ப் பார்த்தேன். நின்றபோது உள்ளே காற்று வருகிறது. வெளியே இரண்டும் நிற்கின்றன. முதல் ஆள், சென்சார். அறையோ பத்துக்குப் பத்து. மாட்டியிருப்பது இரண்டு டன். “பெருசா வாங்கினா சீக்கிரம் குளிரும்னு கடையில சொன்னாங்க.”

சொன்னதில் பொய்யில்லை. சீக்கிரம்தான் குளிர்கிறது, சீக்கிரம்தான் நிற்கிறது. ஆனால் அறைக்குள் நுழைந்ததும் குளிரோடு ஒரு பிசுபிசுப்பு. தலையணை உறை ஈரமாக இருப்பதாகத் தோன்றுகிறது. காரணம் இதுதான்: ஏசிக்கு இரண்டு வேலை, சூட்டை எடுப்பதும் ஈரத்தை எடுப்பதும். காயில் நன்றாகக் குளிர்ந்து, அதன்மேல் ஈரம் துளித்து, துளிகள் சேர்ந்து வழிந்து, குழாய் வழியாக வெளியே சொட்ட நேரம் பிடிக்கும். நான்கு நிமிஷத்தில் நின்றுவிட்டால் துளிகள் தகட்டிலேயே தங்கும். விசிறி ஓடிக்கொண்டிருப்பதால் அவை மறுபடி ஆவியாகி அறைக்கே திரும்பும்.

ஏசி பிறந்ததே சூட்டுக்காக இல்லை, ஈரத்துக்காக. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் தாள் ஊதிச் சுருங்கி, ஒரு வண்ணத்தின்மேல் அடுத்த வண்ணம் சரியாக உட்காரவில்லை. அதற்குத் தீர்வு கேட்டபோதுதான் வில்லிஸ் கேரியர் என்ற 25 வயது இன்ஜினியர் குளிர்ந்த குழாய்களின்மேல் காற்றைச் செலுத்தி ஈரத்தை வடிக்கும் ஏற்பாட்டை வரைந்தார். உடம்புக்குச் சுகம் என்பது பிற்பாடு சேர்ந்த லாபம்.

நாத்தனார் வீட்டு ஏசியில் பழுது எதுவும் இல்லை என்பதுதான் சிக்கல். மாற்ற ஒரு பாகமும் கிடையாது. பக்கத்து அறைக் கதவைத் திறந்துவைக்கச் சொன்னேன். விசிறியைக் கீழ்ப்படியில் வைக்கச் சொன்னேன். அடுத்தமுறை வாங்கும்போது ஒரு டன் போதும், முடிந்தால் இன்வெர்ட்டர் என்றேன். இன்வெர்ட்டர் நிற்பதற்குப் பதிலாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கும் ஒரு குறைந்தபட்ச வேகம் உண்டு. பத்துக்குப் பத்தில் இரண்டு டன் மாட்டினால் அதுவும் நின்று நின்றுதான் ஓடும்.

மே 20 – செவ்வாய்

எங்கள் வீட்டு இரவுப் பிரச்சினைக்குக் கடைக்காரர் சொன்ன வழி சுலபமானது. 130 வோல்ட்டிலிருந்தே வேலை செய்யும் பெரிய ஸ்டெபிலைசர். எதிர்வீட்டில் ஏற்கெனவே அதுதான். அடுத்த வீட்டில் போன மாதம் வாங்கினார்கள். வாங்கிவிடலாமா என்று இவர் கேட்டார். நான் தாளில் போட்டுக் காட்டினேன்.

ஸ்டெபிலைசர் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. 175 வோல்ட்டை 230 ஆக்கி ஏசிக்கு 7.5 ஆம்பியர் கொடுக்க, அது லைனிலிருந்து ஏறத்தாழ 10 ஆம்பியரை இழுக்கிறது. கம்பியில் கரண்ட் கூடினால் கம்பியிலேயே விழும் வோல்ட்டேஜும் கூடும். எதிர்வீடு தன் 230ஐ வாங்கிக்கொண்டபோது எங்கள் 178 இன்னும் இறங்கியது. நாங்களும் பெரியதை வாங்கினால் தெருக்கோடி வீட்டின் மிக்ஸிகூட சுற்றாது. இது கடைமடை வயலின் கதைதான். மேல்மடைக்காரர் ஒவ்வொருவரும் வாய்க்காலை ஒரு சாண் அகலப்படுத்திக்கொண்டால் யார் பேரிலும் குற்றமில்லை, கடைமடையில் மட்டும் தண்ணீர் இல்லை.

டிரான்ஸ்பார்மர் ஏரிக்கரைத் திருப்பத்தில் இருக்கிறது. தெருவின் இந்தக் கோடிவரை ஒரே கம்பி. போன கோடையைவிட இந்தக் கோடையில் இந்தத் தெருவில் எத்தனை ஏசி கூடியிருக்கிறது என்பதை வெளிச்சுவர்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். சொர்ணவாரி நெல்லுக்குக் கிணற்று மோட்டார்களும் ஓடத் தொடங்கிவிட்டன. இணைப்பு வாங்கிய காலத்தில் ஒவ்வொரு வீடும் எழுதிக் கொடுத்த மின்பளு நாலு விளக்கு, ரெண்டு ஃபேன், ஒரு டிவிக்கானது. காகிதத்தில் இந்தத் தெருவில் ஒரு ஏசிகூட இல்லை. காகிதத்தைப் பார்த்துத்தான் டிரான்ஸ்பார்மரின் அளவு தீர்மானமாகிறது.

மே 23 – வெள்ளி

தெருவார் எல்லோரும் சேர்ந்து மின்வாரியத்துக்கு மனு கொடுப்பது என்று முடிவாயிற்று. அதற்குக் கையெழுத்து வாங்கப் போன வழியில் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தில் சற்று உட்கார்ந்தேன். வெளியூர்க்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொள்ளும் சுவர்கள். அவற்றில் உள்ள கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தில் 919லும் 921லும் வெட்டியவை, ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் முறையைச் சொல்பவை. முப்பது குடும்புகள், ஓலை, குடம், குடத்திலிருந்து ஓலையை எடுக்கும் சிறுவன். இதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். எனக்கு அதில் எப்போதும் கண் போவது இரண்டு இடங்களில்தான். ஒன்று, ஏரிக்கென்று தனி வாரியம் இருந்தது. அதன் பதவிக்காலம் 360 நாள். மற்றொன்று, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி குடத்தில் பேர் போட முடியாது.

அந்தச் சபையில் நிலம் உள்ளவர்களுக்கும் வேதம் படித்தவர்களுக்கும்தான் இடம் இருந்தது, என்னைப் போன்றவளுக்கு இல்லை. அதையும் மறந்துவிடக் கூடாது. ஆனாலும் பல்லவர் காலத்தில் வைரமேகத் தடாகம் என்று பேர் பெற்ற ஏரியை வைத்துப் பிழைத்தவர்கள் ஒன்றைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தார்கள். பலருக்குப் பொதுவான ஒன்றைத் தனித்தனி ஆட்களின் சாமர்த்தியத்துக்கு விட்டால் அது நிலைக்காது. பேர் போட்டு, கால வரையறை போட்டு, கணக்குக் கேட்க வேண்டும்.

எங்கள் மனுவில் இரண்டே விஷயம். தெருவில் ஏசி வைத்திருக்கும் எல்லா வீடும் தங்கள் மின்பளுவை உள்ளபடி உயர்த்திக்கொள்ளச் சம்மதிக்கிறது. அதற்குத் தக்கபடி லைனைச் சரிபார்த்துத் தர வேண்டும். இரவு எட்டு மணி வோல்ட்டேஜ் அளவுகளைத் தேதியோடு இணைத்திருக்கிறோம். பளுவை உயர்த்தக் கட்டணம் உண்டு என்றதும் சிலர் முகம் சுளித்தார்கள். “எனக்கு ஸ்டெபிலைசர் இருக்குது, எனக்கென்ன” என்றார் ஒருவர். அவர் மனைவி உள்ளிருந்து வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மே 28 – புதன்

கத்திரி முடிகிறது. கேரளத்தில் 24ஆம் தேதியே பருவமழை தொடங்கிவிட்டது என்று செய்தி. நமக்கு அதில் பெரிய பங்கு இல்லை. ஆனாலும் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இன்று லைன் பார்ப்பவர் வந்தார். கம்பத்தில் ஏறி ஒவ்வொரு பேஸாக அளந்தார். ஒரு பேஸில் 236, இன்னொன்றில் 228, எங்களுடையதில் 181. “எல்லா வீடும் ஒரே பேஸ்ல தொங்கிக்கினு இருக்குதும்மா” என்றார். எப்படி ஆனது என்பதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. என்றைக்கோ ஒரு பேஸ் போயிருக்கும். ‘கரண்ட் இல்லை’ என்று கூப்பிட்ட வீட்டை, கரண்ட் இருக்கும் பேஸுக்கு மாற்றியிருப்பார்கள். அடுத்த முறை அடுத்த வீடு. திரும்ப மாற்றச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. கரண்ட் வந்துவிட்டதே!

ஏசி உள்ள வீடுகளை மூன்று பேஸுக்கும் பிரித்துவிட்டார். கம்பத்தில் துருப்பிடித்து இளகியிருந்த இணைப்புகளையும் சுத்தம் செய்து முறுக்கினார். இரவு எட்டரைக்கு மீட்டரைப் பார்த்தேன்: 211. ஸ்டெபிலைசர் முனகவில்லை. பெரிய டிரான்ஸ்பார்மர் வருவது பளுக் காகிதங்கள் எல்லாம் ஏறிய பிறகுதான் என்றார்கள். ஏறட்டும்.

(மறுநாள் காலை எழுதியது) அத்தை விடியும்வரை தூங்கினார். காலையில் அவர் கேட்டது: “ராத்திரி ஏசி போடலையாம்மா? சத்தமே கேக்கல.”

ஜூன் 11 – புதன்

பள்ளி திறந்தாயிற்று. இன்றைய பேப்பரில், இனி வரும் ஏசிகளை 20க்குக் கீழே இறக்க முடியாது, 28க்கு மேல் ஏற்ற முடியாது என்று விதி கொண்டுவரப் போவதாக மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் சொன்ன செய்தி. ஏற்கெனவே 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை ஏசிகள் எல்லாம் போட்டவுடன் 24இல் தொடங்க வேண்டும் என்பது விதி. ஆசிரியர் அறையில் ஒரே விவாதம். “எங்க காசு, எங்க கரண்ட்” என்றார் கணக்கு வாத்தியார்.

18இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்ற நம்பிக்கை அவருக்கும் உண்டு. வேகம் மாற்றத் தெரியாத கம்ப்ரசருக்கு 18ஐயும் 26ஐயும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே வேகத்தில்தான் அது ஓடும்; எங்கே நிற்பது என்பதுதான் மாறும். 26க்கு வந்து சேர எடுக்கும் நேரம் இரண்டிலும் ஒன்றே. கூடுதலாக ஓடும் நேரத்துக்கு மீட்டர் சுற்றும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் நம் பில்லில் கீழ்ப்படியின் விலையும் சேர்ந்து மாறிவிடும் என்பதைக் கணக்கு வாத்தியாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொன்னேன். இப்போது அத்தையின் அறையில் 26, கூடவே சீலிங் ஃபேன் மூன்றில்.

அவுட்டோரைச் சந்திலிருந்து எடுத்து வடக்குச் சுவரில் உயர மாட்டியாயிற்று. காலண்டரில் ஆகஸ்ட் கடைசியில் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். சொர்ணவாரி அறுப்பு முடிந்ததும் காயில் கழுவ. சம்பாவுக்குப் பிறகு ஒன்று, நவரைக்குப் பிறகு ஒன்று.

மாலையில் எதிர்வீட்டுப் பெரியப்பா வந்தார். மகள் ஆடிக்கு வருகிறாளாம், இன்னொரு ஏசி வேண்டுமாம். கடைக்குப் போவதற்கு முன்பே மின்பளு விண்ணப்பம் கொடுத்துவிட்டார். அறையை டேப் பிடித்து அளந்து வைத்திருக்கிறார். தன் வீடு இப்போது எந்த பேஸில் இருக்கிறது என்றும் லைன் பார்ப்பவரிடம் கேட்டு எழுதி வாங்கி வந்திருக்கிறார். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாகக் கேட்டார்: “அதெல்லாம் சரி டீச்சரம்மா, வாங்குறப்பவே கேஸ் கொஞ்சம் கூடப் போடச் சொல்லிடலாமா?”